காணொலித் தளங்களின் இலாபமும் அறமும்: யூடியூபை முன்வைத்து

2006 அக்டோபரில் கூகுள் நிறுவனம் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து யூடியூபை வாங்கியபோது, அத்தளத்திற்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. 2022-இல் விளம்பரங்களால் மட்டும் அது ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 2,900 கோடி டாலர். சட்டமும் விளம்பரதாரரும் நெருக்கிய இடங்களில்தான் இத்தளத்தின் அறநெறி வலுப்பெற்றது என்றும், நெருக்க ஆளில்லாத இடங்களில் இலாபமே விதியாயிற்று என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

2017-இல் தீவிரவாதக் காணொலிகளோடு தம் விளம்பரங்கள் ஓடுவதைக் கண்ட பெருநிறுவனங்கள் பல, விளம்பரங்களை நிறுத்தின. மறு ஆண்டே விதி இறுகியது. ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாத சேனல்கள் வருவாய்ப் பங்கை இழந்தன. விளம்பரதாரரின் அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் சிறு படைப்பாளிகள். 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றம் இன்னும் கடுமையானது: பங்குத் திட்டத்தில் சேராதவர்களின் காணொலிகளிலும் விளம்பரம் ஓடலாம், வருவாயில் அவர்களுக்குப் பங்கில்லை. பணம் பெறத் தகுதியற்றது எனத் தள்ளிவைத்த உழைப்பே நிறுவனத்திற்குப் பணம் ஈட்டித்தரத் தகுதி பெற்றுவிட்டது. இதை எந்த நியாயத்தில் அடக்குவது?

குழந்தைகள் தொடர்பான வழக்கு மேலும் தெளிவானது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் தரவுகளைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் குற்றஞ்சாட்டின. 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு நிறுவனம் அதைத் தீர்த்துக்கொண்டது. 6 முதல் 11 வயதுச் சிறாரைச் சென்றடைவதில் தாமே முன்னணி என்று பொம்மை நிறுவனமான மேட்டலிடம் சொன்னவர்கள், வேறொரு விளம்பர நிறுவனத்திடம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பயனரே தம்மிடம் இல்லை என்றார்கள் என்கிறது புகார் மனு. விற்கும்போது இருந்த குழந்தை, பொறுப்பேற்கும்போது காணாமற்போனது.

இத்தளம் எளியோருக்கும் மேடை தந்தது என்பது எதிர்வாதம். அது உண்மையே. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து இயங்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. பங்குத் திட்டத்தில் உள்ளோருக்குக் காணொலி விளம்பர வருவாயில் 55 விழுக்காடு கிடைக்கிறது. ஆனால் விகிதத்தை வகுப்பதும், எந்தக் காணொலியைப் பரிந்துரைப்பது என்று தீர்மானிப்பதும் ஒரே கை. மேடை கொடுத்தவர் என்பதற்காகத் தராசும் அவரிடமே இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதைத் தயக்கமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். பங்கு தராத சேனல்களில் ஈட்டப்படும் வருவாயை வெளியிடவும், பரிந்துரை முறையைப் பொதுத் தணிக்கைக்கு உட்படுத்தவும் சட்டம் வகைசெய்ய வேண்டும். நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருக்க இதுவரையிலான வரலாறு நமக்குக் காரணம் எதையும் தரவில்லை.