ஏழாண்டுச் சிறையும் பத்து வாரமும்

"புள்ள துடிக்குதா?" ஓசூர்ப் பக்கம் கர்ப்பிணியைப் பார்த்ததும் பெரியவர்கள் கேட்பது. இதை நான் வெறும் நலம் விசாரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வழக்கமான அசைவு குறைவது, நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தை இறந்து பிறப்பதற்குமுன் சில தாய்மாருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான். அதை முதலில் அறிபவள் அவள் மட்டுமே.

இந்த அறிவுக்குச் சட்டமும் மதிப்புக் கொடுத்தது, தண்டிப்பதற்காக. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவின்படி, பெண்ணின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொண்டவளும் குற்றவாளிதான். 1971இன் கருக்கலைப்புச் சட்டம் விலக்குகள் தந்தது, பிரிவு மட்டும் சாகவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாக, அதே ஏழாண்டோடு உட்கார்ந்திருக்கிறது.

அசைவு தெரிவது ஏறக்குறைய 20ஆம் வாரத்தில். காக்கும் சட்டம் எப்போது வந்தது? 1961இன் மகப்பேறு நலச் சட்டம், கர்ப்பிணியை நெடுநேரம் நிற்கவைக்கும் வேலையைத் தடுத்தது. அதுவும் அவளே கேட்டால்தான். பேறுக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்திலிருந்துதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கிட்டத்தட்ட 30ஆம் வாரம். 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோதும் இதைத் தொடவில்லை. இடையில் உள்ள பத்து வாரமும் சிப்காட் பெண் லைனில் நிற்கலாம்.

நிற்கும்போதும் நடக்கும்போதும் அசைவு குறைவாகவே உணரப்படும். படுத்தால்தான் நன்றாகத் தெரியும். 1970களில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான அட்டை, காலை 9 மணியிலிருந்து பத்து அசைவுகளை எண்ணச் சொன்னது. இரவு 9க்குள் பத்து வராவிட்டால் கவலைப்பட வேண்டும். ஷிப்டும் கம்பெனி பஸ்ஸும் போக, எண்ணுவதற்கு நம் பெண்ணுக்கு ஏது பொழுது?

எண்ணிக்கையும் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ 68,000 பெண்களிடம் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், தினமும் எண்ணியதால் சாவு குறையவில்லை. எனவே இன்றைய அறிவுரை வேறு: உன் குழந்தையின் வழக்கம் உனக்குத் தெரியும், அது மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போ.

அன்றே போக லைன் லீடரிடம் பெர்மிஷன் வாங்க வேண்டும். காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். "இன்னிக்கு ஆட்டம் கம்மியா இருக்கு" என்பதற்கு அவள் சொல் மட்டும்தான் சாட்சி.