காலம் காட்டிய அணிகலன்

நகை அணிதல் தகாது என்று ஓர் ஊர் விதி வகுத்தால், அவ்வூர்ப் பொற்கொல்லன் என் செய்வான்? ஜினீவா நகரத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

16-ஆம் நூற்றாண்டில் அந்நகரம் கால்வின் என்னும் சமயச் சீர்திருத்தக்காரரின் நெறிக்கு உட்பட்டது. ஆடம்பரம் கண்டிக்கப்பட்டது. 1566-இல் சிலுவை, வழிபாட்டுக் கிண்ணம் முதலியன செய்வதும் பொற்கொல்லருக்கு விலக்கப்பட்டது. ஆயின் கடிகாரம் பயன்படு பொருள், அதற்குத் தடையில்லை. அக்காலத்தே, சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ஹியூகனோ மக்களுட் சிலர் கடிகாரத் தொழிலையும் உடன் கொணர்ந்தனர். உடைமையை இழந்தோரிடமும் கைத்தொழில் எஞ்சியிருந்தது. உள்ளூர்ப் பொற்கொல்லரின் திறமை அதனோடு கலந்தது. 1601-இல் கடிகாரத் தொழிலாளர் தமக்கெனச் சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

அந்நாளையக் கடிகாரத்துக்கு மணி முள் ஒன்றே உண்டு. 1675-இல் ஹைகன்ஸ் என்னும் டச்சு அறிஞர் மெல்லிய சுருள்வில் ஒன்றை அதனுள் பொருத்திக் காட்டும்வரை, அது காட்டிய நேரத்தை நம்புவதற்கில்லை. எனினும் சீமாட்டிகள் அதனை விரும்பினர். காரணம், அதன் கூட்டின் அழகே.

ஜெய்ப்பூரில் வாழும் நேயர்கள் மீனா வேலைப்பாட்டை அறிவார்கள். ஜினீவாவின் எனாமலும் அவ்வினத்ததே. பொடித்த வண்ணக் கண்ணாடியைப் பொன் தகட்டின்மீது தீட்டிச் சூளையிலிடுவர். வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்படும். இறுதிச் சூட்டில் ஒரு விரிசல் கண்டாலும் முன்னைய உழைப்பு முழுதும் வீண். தப்பிப் பிழைத்த ஓவியத்தின்மேல் நிறமற்ற கண்ணாடிப் பூச்சொன்றும் காப்பாக அமையும்.

18-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் இதனை இடுப்புச் சங்கிலியில் தொங்கவிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் மார்பூசியில் மாட்டினர். சித்திரம் தீட்டிய பின்புறம் பிறர் காண வெளியே நோக்கும்; மணி காட்டும் முகமோ உள்ளே மறைந்திருக்கும். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசியார் பெற்ற ஜினீவாக் கடிகாரமும் நீல எனாமலிட்ட அத்தகைய பதக்கமே. சாவியின்றி முடுக்கக்கூடியது என்பது அதன் புதுமை.

1914-இல் மூண்ட முதல் உலகப் போருக்குப்பின் கைக்கடிகாரம் எங்கும் பரவியது. பதக்கக் கடிகாரம் பெட்டிக்குள் ஒடுங்கியது. பின்னர் பொன்னின் விலைக்காக உருக்கப்பட்ட கூடுகள் பல. உருக்குவோன் தராசில் பொன்னுக்கு எடையுண்டு. சூளையில் தப்பிய ஓவியத்துக்கு எடையில்லை. தடையை வென்று, தீயையும் வென்ற கலை, விலைக்குத் தோற்றது.

நேயர்களே, உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் ஓடாத கடிகாரம் ஒன்று கிடக்குமாயின், அதனை நிறுக்கக் கொடுக்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.