ஜம்பைக் கல்வெட்டும் கால்டுவெல்லின் சொற்கிடக்கை வாதமும்

திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு சேர்க்க 1856இல் கால்டுவெல் அடுக்கிய சான்றுகளில் இரண்டு இன்னும் பாடநூல்களில் உலவுகின்றன: எழுவாய் முன்னும் வினை கடைசியிலும் நிற்பது, தொடர்புப் பெயருக்குப் பதில் பெயரெச்சம் வழங்குவது. சித்தியக் கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. சான்றுகளின் அடுக்கை எவரும் கலைக்கவில்லை. முதலாவது சான்றுக்கு அந்த எடை இல்லை என்பதே என் வாதம்.

ஜெர்மன் மொழி அவருக்கு எதிர்ச்சாட்சி. அதில் தலைமை வாக்கியத்தின் முற்று இரண்டாமிடத்தில் நிற்கும். சார்பு வாக்கியத்தில் கடைசிக்குப் போய்விடும். 'அவன் நோயுற்றிருப்பதால்' என்பதற்கு 'வைல் எர் க்ராங்க் இஸ்ட்' என்பார்கள், 'இஸ்ட்' முற்று. இவ்வழக்கம் பழைய ஜெர்மனில் நெகிழ்ந்தே இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் உரைநடையில்தான் விதியாக இறுகியது. தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதி 1716இல் ஹாலேயில் அச்சிட்ட சீகன்பால்குவின் தாய்மொழி இதுதான். வடமொழியிலும் வினை பெரும்பாலும் இறுதியில்தான் வரும். ஆக, வினை நிற்கும் இடத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது. சார்புத் தொடரின் வினை முற்றா எச்சமா என்பதையே கேட்க வேண்டும். தமிழில் 'என்று' துணையில்லாமல் அங்கே முற்று வராது என்பது என் விதி.

இதற்கு நல்ல சான்று, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூருக்கு மேற்கே ஜம்பைக் குன்றின் குகைத்தளத்தில் இருக்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட அந்தத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரே வரி: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. ஐராவதம் மகாதேவன் இதைக் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வைத்தார். கிறித்துவுக்கு முன்னே கொண்டுபோவோரும் உண்டு. எழுத்தமைதியை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது, நான் தீர்க்கப் போவதுமில்லை.

வரியின் தலைச்சொல் பிராகிருதம். அசோகரின் கிர்நார்ச் சாசனத்தில் உள்ள அதே ஓகார ஈற்று எழுவாய் வடிவம் அப்படியே வந்திருக்கிறது. பட்டத்தைக் கடன் வாங்கியவர்கள் தொடரமைப்பையும் வாங்கியிருக்கலாம், முன்மாதிரியும் இருந்தது. பராபர் குகைகளில் அசோகர் பொறித்தது, 'அரசனால் இக்குகை ஆசீவகருக்குத் தரப்பட்டது' என்ற செயப்பாட்டு அமைப்பு. ஜம்பையில் அரசன் எழுவாயாகவே நிற்கிறான். 'ஈத்த' எச்சமாகிப் 'பாளி'யோடு ஒட்டுகிறது. தொல்காப்பியம் பெயரெச்சத்துக்குச் சொல்லும் அறுவகை முடிபில் இது செயப்படுபொருள். முற்று எங்குமில்லை, எனவே இலக்கணப்படி இது வாக்கியமே அல்ல, நீண்ட பெயர்த்தொடர். அதே அஞ்சி நெல்லிக்கனி தந்ததைப் பாடும் ஔவையார் (புறநானூறு 91) அதே 'ஈ' வினையின் முற்றில் பாட்டை முடிக்கிறார். ஒரே கொடையாளி, ஒரே வினை. பாட்டில் முற்று, பாறையில் எச்சம்.

கால்டுவெல்லின் இரண்டாவது சான்று இதனால் வலுப்பெறுகிறது என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் எகர வினாவும் அகரச் சுட்டும் இணைந்து தொடர்புப் பெயரின் வேலையைச் செய்யும் அமைப்பு பாதிரிமார் உரைநடைக்கு முன்பே இங்கே உண்டு. ஔவையாரின் புறநானூறு 187ஆம் பாட்டு அந்த இணையின் மேல்தான் நிற்கிறது. அதை வடமொழிச் சாயல் என்று ஒதுக்குவதற்கு முன், அங்கே சார்புத் தொடரின் பயனிலை வினைமுற்றாக இல்லாமல் பெயராக இருப்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குத் தொல்லை தருவது வேறொன்று. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் பகுதியின் பல்லவர் கால நடுகற்கள் 'தொறுக் கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான் கல்' என்ற வாய்பாட்டில் முடிகின்றன. 'கொண்ட' பெயரெச்சம், 'மீட்டு' வினையெச்சம், 'பட்டான்'? 'என்று' துணையில்லாமல் முற்று சார்புத் தொடரில் வராது என்ற என் விதிக்கு இது நேர் எதிராகத் தோன்றுகிறது. வினையாலணையும் பெயர் என்று கொண்டு 'பட்டானது கல்' என விரிப்பது மரபு. நானும் அப்படியே கொள்கிறேன்: முன்னால் வரும் எச்சங்களெல்லாம் 'கல்' என்ற பெயரை நோக்கியே அடுக்கப்பட்டுள்ளன. 'பட்டான்' என்பதோடு செய்தி முடிந்து, 'கல்' தனிப் பெயர்ப்பலகையாக நிற்கிறது என்று ஒருவர் வாதிட்டால், முற்றுப்புள்ளியே இல்லாத கல்வெட்டைக் காட்டி அவரை மறுக்க இயலாது. மகாதேவனின் காலக்கணிப்பைக் கொண்டால், ஜம்பைக்கும் இவற்றுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளி. 'ஈத்த பாளி'யின் அமைப்பு 'பட்டான் கல்' ஆக மாறியதா, இரண்டும் அருகருகே வழங்கினவா என்பதை அந்த இடைவெளியில் இந்த வாய்பாட்டுக் கல் ஒன்றாவது கிடைத்தால்தான் சொல்ல முடியும்.