தாழியைத் தொட்டவர்கள்

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். சனம் வண்டி பிடித்து வந்து பார்க்கிறது. பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் பார்ப்பது எது என்று நாம் பேசியாக வேண்டும்.

கீழடி, மனுசர் குடியிருந்த இடம். கொந்தகை, அவர்களைப் புதைத்த இடம் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. கொந்தகைத் தோண்டலில் கிடைத்தவை முதுமக்கள் தாழிகள், உள்ளே எலும்புகள், படையல் கலங்கள்.

இடுகாடு என்றால் நம்ம ஊர்களில் யார் வேலை? குழி வெட்ட, பறையடிக்க, சங்கு ஊத, எரிகிற பிணத்தைப் புரட்டிவிட, எல்லாத்துக்கும் சேரியிலிருந்துதான் ஆள் வரணும். பிணத்தைத் தொட்டவன் தீட்டு. அவன் செத்தால் பொதுச்சுடுகாட்டில் இடம் கிடையாது, பாதையும் கிடையாது. இந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை.

அதே எலும்பு தாழியிலிருந்து வெளியே வந்தால் தூரிகையால் துடைக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு பார்க்கிறார்கள். அங்கே தொடுவதற்குப் பேர் ஆராய்ச்சி. தொடுவது ஒன்றுதான். தொடுகிற கையைப் பொறுத்து ஒன்று தீட்டாகிறது, இன்னொன்று படிப்பாகிறது. அப்படியானால் தீட்டு பிணத்திலும் இல்லை, எலும்பிலும் இல்லை.

புறநானூறு 256இல் ஒரு பெண் குயவனிடம் தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்லிக் கெஞ்சுகிறாள். சாவின் வேலை செய்பவனிடம் கைகட்டி நின்று கேட்ட காலம் ஒன்று தமிழில் இருந்திருக்கிறது.

கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது. அரண்மனைக் கல்லில் இல்லை, வீட்டில் புழங்கிய பானையில். எழுத்து உனக்கு ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். நமக்கு அந்த ஓடு லேசான விசயமில்லை. அதுக்காகக் கீழடியில் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். பானை ஓட்டை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. "எங்க சாதிக்காரன் ஆண்ட ஊர்" என்று மீசை முறுக்குகிறவனுக்கும் அதே பதில்தான்.

2025இல் கொந்தகை மண்டையோடுகள் இரண்டுக்கு லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு கணினியில் முகம் வரைந்தார்கள். வயசு சொன்னார்கள், ஆண் என்றார்கள். சாதி சொல்லவில்லை. எலும்பு அதைச் சொல்லாது.

குழிக்குள் இறங்கி மண்ணைச் சுரண்டியது, கூடை சுமந்தது, சலித்தது சுற்றுப்பட்டுக் கூலிச்சனம், ஆணும் பெண்ணும். இந்த வரலாற்றை முதலில் தொட்டது அந்தக் கைகள். எந்த அகழாய்வாக இருந்தாலும் அறிக்கையில் அவர்கள் பேரும் ஏறணும். ஆதனுக்கு ஒரு ஓடு கிடைத்தது. இவர்களுக்கு ஒரு வரி கேட்கிறோம்.