செவிலி கூற்றும் டாக்டர் பட்டமும்

தமிழ் எம்.ஏ. படித்தவன் நர்சிங் பற்றி எழுதப் புகுந்தால் சொல்லிலிருந்துதான் தொடங்குவான். நானும் அப்படியே தொடங்குகிறேன். இன்று நர்ஸைச் செவிலியர் என்று எழுதுகிறோம். சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஆனால் செவிலி வெறும் பணிவிடைக்காரி அல்ல. அவளுக்குக் கூற்று உண்டு. குறுந்தொகை 167ஆம் பாட்டு செவிலி கூற்று. மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய், அவள் சமைத்ததையும் கணவன் உண்டதையும் அவள் முகத்தில் தோன்றிய சின்ன மகிழ்ச்சியையும் பார்த்துவந்து நற்றாயிடம் சொல்கிறாள். பார்த்தவளும் அவளே, பார்த்ததற்குப் பொருள் சொல்பவளும் அவளே. நவீன மருத்துவமனை இந்த இரண்டையும் பிரித்துப்போட்டது. அங்கே இரவெல்லாம் பார்ப்பவள் நர்ஸ். காலையில் வந்து பொருள் சொல்பவர் டாக்டர்.

‘நர்ஸுக்கு எதுக்குய்யா டாக்டரேட்? ஊசி போடத் தெரிஞ்சா போதாதா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். முற்போக்காளர்தான். அவருடைய கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. கைவேலைக்கு அறிவு வேண்டாம், பெண்ணின் கைவேலைக்கு அறவே வேண்டாம் என்ற கருத்தியல்தான் அது. நர்சிங்கில் டாக்டரேட் என்ற கருத்தாக்கம் உருவான இடம் அமெரிக்கா. ஆகவே அங்கே நடந்ததைப் பார்ப்பது அவசியம். ஆனால் கதை தொடங்குவது லண்டனில்.

1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. விளக்கேந்திய சீமாட்டி என்ற படிமத்துக்குள் நாம் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை அடைத்துவிட்டோம். கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை 1858இல் வரைபடம் போட்டுக் காட்டிய புள்ளியியல்காரர் அவர். அதாவது பட்டமில்லாத ஆய்வாளர். அதே நைட்டிங்கேல்தான், தேர்வு வைத்து நர்ஸ்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற இயக்கம் 1880களின் இறுதியில் எழுந்தபோது அதை எதிர்த்தார். நல்ல நர்ஸின் குணத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். நர்சிங்கின் மூலப் பிரதியிலேயே இந்த முரண் பதிந்திருக்கிறது: எண்ணிப் பார்த்து அறிகிற அறிவு ஒருபுறம், ஒழுக்கம், பணிவு, தியாகம் என்ற சொல்லாடல் மறுபுறம். மருத்துவமனை நிர்வாகங்களுக்குப் பின்னதுதான் தோதாக இருந்தது. அமெரிக்காவில் பயிற்சிப் பள்ளிகள் பெருகியதற்குக் காரணம் கல்வி மீதான காதல் அல்ல. மாணவிகள் பயிற்சி என்ற பெயரில் வார்டுகளைச் சொற்பச் செலவில் ஓட்டிக்கொடுத்தார்கள் என்பதுதான்.

இந்தச் சுரண்டலிலிருந்து வெளியேறும் வழியாகத்தான் பல்கலைக்கழகம் தென்பட்டது. 1899இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் நர்ஸ்களுக்கான மேற்படிப்பு தொடங்கியது. 1907இல் மேரி அடிலெய்டு நட்டிங் அங்கே பேராசிரியரானார். உலகில் அந்தப் பதவியை எட்டிய முதல் நர்ஸ் அவர். எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. மருத்துவத் துறையின் வாசல் வழியாக அல்ல, ஆசிரியப் பயிற்சியின் வாசல் வழியாக. ஆகவே 1920களில் டாக்டரேட் என்ற பேச்சு வந்தபோதும் அது கல்வியியல் டாக்டரேட்டாகவே இருந்தது. டாக்டரேட் பெற்ற முதல் அமெரிக்க நர்ஸாக அறியப்படும் ஈடித் பிரையன் 1927இல் பெற்ற பட்டம் உளவியல் சார்ந்தது. நர்ஸ் டாக்டராகலாம், ஆனால் நர்சிங்கில் அல்ல! 1950களில் பிட்ஸ்பர்க் போன்ற இடங்களில் நர்சிங் சார்ந்த பிஎச்.டி. அரும்பியது. இருந்தும் 1962இல் அமெரிக்க அரசு தொடங்கிய நர்ஸ்-விஞ்ஞானி திட்டம்கூட, சமூகவியல், உடலியல் போன்ற பிற துறைகளில் ஆய்வு செய்யத்தான் நர்ஸ்களுக்குப் பணம் கொடுத்தது. இரவல் அறிவோடுதான் அவர்கள் திரும்பிவர வேண்டியிருந்தது.

இரவல் வேண்டாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் ஹில்டெகார்டு பெப்லௌ. நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்லும் அவருடைய நூலின் கைப்பிரதி 1948இல் தயாராகிவிட்டது. அச்சில் வந்தது 1952இல். நர்ஸ் ஒருத்தி மருத்துவர் யாரையும் இணையாசிரியராகச் சேர்க்காமல் தனியாகப் புத்தகம் எழுதுவதைப் பதிப்புலகம் ஏற்கத் தயங்கியதே அந்த நான்கு வருடத் தாமதத்துக்குக் காரணம். ஃபூக்கோ 1963இல் எழுதிய ‘கிளினிக்கின் பிறப்பு’ மருத்துவப் பார்வை எப்படி அதிகாரமாக உருக்கொண்டது என்று விவாதிக்கிறது. அதில் பேசப்படுவது மருத்துவனின் கண். கட்டில் ஓரத்தில் எந்நேரமும் விழித்திருந்த இன்னொரு கண்ணின் வரலாற்றை பெப்லௌவின் கைப்பிரதி காத்துக்கிடந்த அந்த நான்கு வருடங்களிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் வாசித்தால் நாம் ஏமாந்துபோவோம். பல்கலைக்கழகத்துக்குள் இடம்பிடிக்க நர்சிங் கொடுத்த விலையும் உண்டு. 1970இல் மார்த்தா ரோஜர்ஸ் நர்சிங்குக்கென்று ஒரு கோட்பாட்டு அடித்தளத்தை முன்வைத்தார். மனிதன் துண்டுகளாகப் பிரிக்க முடியாத முழுமை என்ற அதன் மையக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் ஆற்றல் புலம் என்றெல்லாம் இயற்பியலிலிருந்து சொல் எடுத்து அவர் பேசிய மொழி, புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸுக்கு அந்நியமாயிருந்தது. அங்கீகாரம் கேட்டுப் போகிறவர்கள் அதிகாரத்தின் மொழியில் பேச நேர்வது விளிம்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம்தான்.

இரண்டாவது விலை, ஏணிப்படி. 1965இல் அமெரிக்க நர்சுகள் சங்கம், தொழில்முறை நர்சிங்குக்குக் குறைந்தது பட்டப்படிப்பு வேண்டும் என்று அறிவித்து, அதற்குக் கீழே ‘தொழில்நுட்ப’ நர்ஸ் என்ற ஒரு தட்டையும் வைத்தது. அன்று வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் பள்ளிகளில் படித்தவர்கள். ஒரே அறிவிப்பில் அவர்கள் கீழ்ப்படிக்காரர்கள் ஆனார்கள். நிறம் போட்ட படி அதற்கும் முந்தியது. கறுப்பு நர்ஸ்கள் 1908இல் தனிச் சங்கம் கண்டு 1951 வரை நடத்த வேண்டியிருந்தது. பள்ளி வாசலே மறுக்கப்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழக வாசல் எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டரேட்டின் வரலாற்றை முதல் பட்டதாரிகளின் பட்டியலாக மட்டும் எழுதினால் இவர்கள் காணாமல் போகிறார்கள்.

2004இல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் ஆய்வுப் பட்டத்துக்குப் பக்கத்தில் நர்சிங் நடைமுறை டாக்டரேட் என்ற இன்னொன்றுக்கு ஆதரவு தெரிவித்தது. உயர்நிலைச் சிகிச்சைப் பணிக்கு வரும் நர்ஸ்கள் 2015க்குள் அதற்கு மாற வேண்டும் என்பது இலக்கு. இலக்கு நிறைவேறவில்லை, சண்டை மட்டும் வந்தது. அந்தப் பட்டம் பெற்ற நர்ஸ் வார்டில் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாமா? அமெரிக்காவில் சில மாநிலங்கள் சட்டம் போட்டே அதைக் கட்டுப்படுத்துகின்றன. நோயாளி குழம்பிவிடக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் டாக்டர் என்ற லத்தீன் சொல்லின் வேர்ப்பொருள் கற்பிப்பவர் என்பது. இறையியலும் சட்டமும் படித்தவர்களோடு மருத்துவர்களும் பகிர்ந்துகொண்ட பட்டம் அது. பகிர்ந்துகொண்டதைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் பின்னால் வருபவர்களைத் திருடர்கள் என்பது வரலாற்றில் புதிதல்ல.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. அமெரிக்க மிஷனரிகள் வேலூரில் தொடங்கிய நர்சிங் பள்ளி பட்டப்படிப்பாக வளர்ந்தது 1946இல். டெல்லியிலும் அதே வருடம் கல்லூரி வந்தது. முதுகலை 1959இல் டெல்லியில். பிஎச்.டி.க்காக இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு தேசியக் கூட்டமைப்பை ஏற்படுத்த 2000களின் நடுப்பகுதி ஆயிற்று. தமிழில் மருத்துவர் வேறு, முனைவர் வேறு என்பதால் சொற்சண்டைக்கு இடமில்லை. ஆனால் முனைவர் பட்டம் வாங்கினாலும் வார்டுக்குள் அவர் ‘சிஸ்டர்’தான். கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்த அந்த உறவுப்பெயர் அன்பானதுதான். ஆனால் அதே அன்பு அறிவை மறைக்கும் திரையாகவும் தொங்குகிறது. சகோதரியிடம் சேவையை எதிர்பார்க்கிறோம், அபிப்பிராயத்தை அல்ல.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. ஊசி போடுவதற்கு டாக்டரேட் வேண்டாம்தான். இரவு மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சு மாறியதைப் பார்த்தவளின் சொல்லுக்குப் பொருள் உண்டு என்று நிலைநாட்ட அது வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் வாங்கியவர் கட்டிலை விட்டு நாற்காலிக்குப் போய், டூட்டியில் இருக்கும் நர்ஸ் எழுதிய குறிப்பைத் தானும் படிக்காமல் விட்டால், அந்தக் கூற்றைப் பறிக்கிற ஆள் மாறியிருக்குமே தவிர வேறொன்றும் மாறியிருக்காது.