தாய்வழி வந்த வீடுகள்

களுவாஞ்சிக்குடியின் பழைய வீடு ஒன்றின் வரலாற்றை எழுத முற்பட்டு, தந்தையார், பாட்டனார், பூட்டனார் என எண்ணத் தொடங்கினால், அடுத்த படியிலேயே வேறொரு வளவுக்குப் போய்விடுவோம். தந்தையார் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அவரைப் பெற்றவரும் வேறொரு வீட்டுக்கு அவ்வாறே போனவர். அம்மா, அம்மம்மா, அவரைப் பெற்ற தாய் என்று எண்ணினால்தான் அதே கிணற்றடியில் நிற்போம்.

எழுவான்கரையிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். கோயில் திருவிழாக்களில் குடிகளுக்குரிய பங்கும் அவ்வழியே வருவது. வீடும் அப்படித்தான். மகளுக்குக் கலியாணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அதே வளவிலோ அருகிலோ இன்னொரு வீட்டுக்கு மாறுவர். அடுத்தவளுக்கும் பக்கத்தில் ஒரு வீடு எழும்பும். சகோதரர்கள் தம் கலியாணத்தைப் பின்போட்டு அதற்காக உழைப்பர். இதனால் பெரியம்மா வீடும் சின்னம்மா வீடும் ஒரு வேலிக்கு அப்பால் அமைந்தன. இக்கரையோர முஸ்லிம் மக்களிடமும் இவ்வழக்கம் உண்டு. கேரளத்து நாயர் தறவாடுகளும் தாய்வழியானவையே. எனினும் அங்கே ஆண்கள் தம் சகோதரியரின் வீட்டிலேயே இருந்தனர். இங்கே கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியமர்ந்தான்.

மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தைப் பிறிற்றோ என்பவர் 1876 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அது வழக்கொழிந்தது. ஆயினும் நொத்தாரிசு எழுதிய சீதன உறுதிகள் வாயிலாக வீடு தாயிடமிருந்து மகளுக்கே போய்க்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகள் அதிகமான குடும்பங்களுக்கு இது பெருஞ்சுமை என்பதையும், உறுதியில் பெயர் இருந்த எல்லாப் பெண்களுக்கும் வீட்டுக் காரியங்களில் முடிவெடுக்கும் உரிமை இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த வீடுகள் காலப்போக்கில் ஓடு வேய்ந்த கல்வீடுகளாயின. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மாவட்டமெங்கும் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் கரையோர வீடுகளை அடியோடு கொண்டுபோனது. அதன்பின் கிழக்கில் ஒரு புது மாற்றம் நேர்ந்தது. அழிந்தது பெண்ணின் சீதனவீடு. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் பத்திரமோ பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவருக்கு எழுதப்பட்டது. சட்டம் மாறியும் நிலைத்திருந்த ஒரு வழக்கத்தை நிவாரணப் படிவத்தின் ஒரு கட்டம் அசைத்துவிட்டது.

இன்று எம்மிற் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கிறோம். ஊரிலே சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். சில விலைக்குப் போகின்றன. பராமரிக்க ஆளில்லாத வீட்டை விற்பது குற்றமன்று. ஆனால் வீடு போகும்போது, அதை ஒருவருக்கொருவர் கையளித்த பெண்களின் பெயர்களும் சேர்ந்து போய்விடுகின்றன.

எனவே பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாய்வீட்டின் உறுதியைப் படியெடுத்து வையுங்கள். அதில் வரும் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். வீட்டைக் கட்டியவர் யார், கிணறு வெட்டியவர் யார், சூறாவளியின் போதும் போர்க்காலத்திலும் அங்கே தஞ்சமடைந்தவர்கள் யார் என்று மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். வகுப்பறையிலே அரசர்களின் வரிசையை ஆண்டுகளோடு மனனம் செய்தவர்கள் நாம். நம் வீட்டுத் தாய்மாரின் வரிசையில் ஐந்து பெயரையாவது தவறாமற் சொல்லக்கூடியவர்களாக எமது பிள்ளைகளை ஆக்குவோம்.