இழிசொல் அரசுக் கோப்பான கதை

போலந்தை 1772க்கும் 1795க்கும் இடையில் பிரஷ்யா, ரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு விழுங்கின. பிடுங்கியவர்களுக்கு ஒரு நியாயம் வேண்டுமே! பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் போலந்து மக்களை வட அமெரிக்காவின் இரோக்குவா பழங்குடியினரோடு ஒப்பிட்டார். ஒரே மூச்சில் இரண்டு மக்களையும் இழிவுபடுத்தியாயிற்று. சீர்கேட்டுக்கு ‘போலந்து நிர்வாகம்’ என்றே ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார்கள். இழிசொல் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தொனி பழக்கம்தான்.

பிறகு வரலாற்றுப் பேராசிரியர்கள் வந்தார்கள். 1862இல் ட்ரைட்ஷ்கே எழுதிய கட்டுரையில், டியூட்டானிக் வீரர்கள் கிழக்கில் நிலங்களைக் கைப்பற்றியது நாகரிகம் பரப்பிய பணியாகிவிடுகிறது.

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. அக்டோபரில், தியோடர் ஷீடர் என்ற 31 வயது வரலாற்றாளர் ஓர் அறிக்கையின் வரைவை எழுதினார். கைப்பற்றிய பகுதிகளிலிருந்து போலந்து மக்களைப் பெருமளவில் வெளியேற்ற வேண்டும். ஜெர்மானியரைக் குடியமர்த்த வேண்டும். எஞ்சிய போலந்தின் நகரங்களிலிருந்து யூதர்களை அகற்ற வேண்டும். பழைய இழிசொல் இப்போது அரசுக் கோப்பு.

நவம்பரில் கிராக்கோவ் நகரப் பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள் 180க்கும் மேற்பட்டோரைக் கூட்டம் என்று அழைத்துக் கைதுசெய்தார்கள். பெரும்பாலோர் வதைமுகாமுக்குப் போனார்கள். தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதக்கூடியவர்கள் அல்லவா?

ஷீடர் என்ன ஆனார்? போருக்குப் பின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1967 முதல் 1972 வரை மேற்கு ஜெர்மனியின் வரலாற்றாளர் சங்கத் தலைவர். 1984இல் மரியாதையோடு இறந்தார். அந்த வரைவு 1992இல்தான் அச்சில் வெளிவந்தது. 1998இல் ஃபிராங்க்ஃபர்ட் மாநாட்டில், அவரிடம் படித்துப் பெரும் பேராசிரியர்களானவர்களைப் பார்த்து இளையவர்கள் கேட்டார்கள்: அவர் உயிரோடிருந்தபோது நீங்கள் ஏன் கேட்கவில்லை?